தாத்தா உழைத்ததைச் சொல்ல ஒரு சொல்

ஆண்டர்சன்பேட்டை,
புதன் இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போனில் அனுப்பிய விண்ணப்பத்தை இரண்டு தரம் படித்தேன். பெங்களூர் வேலைக்கு எழுதும்போதும் தாத்தாவை நினைத்துக்கொண்டாயே, மனசு நிறைந்துவிட்டது. ஆனால் ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. 'ஹி ஹார்ட்லி ஒர்க்ட் இன் த மைன்ஸ் ஃபார் தர்ட்டி இயர்ஸ்' என்று எழுதியிருக்கிறாய். பாடுபட்டு உழைத்தார் என்றுதான் நீ சொல்ல வந்தாய். படிக்கிறவருக்குப் போய்ச் சேருவதோ, முப்பது வருஷமாக அவர் வேலையே செய்யவில்லை என்பது.

தாத்தா இறங்கிய சாம்பியன் ரீஃப், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன தங்கச் சுரங்கம். அடியில் பாறையே கொதிக்கும். கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கியவன் ஷிஃப்ட் முடிந்து ஏறி வருவானா என்று வீட்டில் காத்திருப்பார்கள். எந்த நேரத்திலும் பாறை வெடித்துச் சிதறும் ராக் பர்ஸ்ட் வரலாம். என் அண்ணன் அங்கே உழைத்த உழைப்பை ஒரு 'லி' அழித்துவிடக் கூடாது. அதனால்தான் இந்த நீளக் கடிதம்.

'ஹார்ட்' என்ற சொல்லே வினையடையாகவும் நிற்கும். 'ஒர்க்ட் ஹார்ட்' என்றால் போதும். குவிக், குவிக்லி ஆவதுபோல இதுவும் ஆகும் என்று நம் பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். பழைய ஆங்கிலத்தில் ஹார்ட்லிக்கு 'வலிமையோடு' என்ற பொருள் இருந்தது. பிறகு 'சிரமப்பட்டு' என்றாகி, சிரமப்பட்டு நடப்பது அபூர்வமாகத்தானே நடக்கும் என்று கடைசியில் 'அநேகமாக இல்லை' என்பதில் வந்து நின்றது. தமிழ்க் காதுக்கு இது புரியாத வழியல்ல. 'அரிது' என்று நாம் சொல்வதில் கடினமும் இருக்கிறது, அபூர்வமும் இருக்கிறது. ஸ்கேர்ஸ்லி, பேர்லி இரண்டும் ஹார்ட்லியின் பங்காளிகள். மூன்றுக்குள்ளும் 'இல்லை' ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அதனால் பக்கத்தில் இன்னொரு 'நாட்' சேர்க்காதே. வாக்கியத்தின் தலையில் வந்தால் வினையைப் புரட்டிப்போடும்: 'ஹார்ட்லி ஹேட் த கேஜ் ரீச்ட் த சர்ஃபேஸ் வென் த சைரன் சவுண்டட்.' கேஜ் மேலே வந்ததும் வராததுமாகச் சங்கு ஊதியது என்று அர்த்தம்.

அடுத்தது, 'ஐ ஆம் டெரிப்ளி இன்ட்ரஸ்டட்'. இது பிழையில்லை, ஆனால் விண்ணப்பத்துக்கு ஒட்டாது. டெரிப்ளிக்குள் இருப்பது டெரர், கிலி. ஆஃபுலிக்குள் திகைப்பும் அச்சமும் கலந்த 'ஆ'. ட்ரெட்ஃபுலி, ஹாரிப்ளி எல்லாமே பயத்தில் பிறந்தவை. வாயில் புரண்டு புரண்டு பயம் தேய்ந்து, 'மிக' என்பது மட்டும் மிஞ்சியது. 'படம் பயங்கரமா நல்லா இருந்துச்சு' என்று நீயே சொல்கிறாய் இல்லையா? இது நேற்று வந்த வழக்கமும் அல்ல. தொல்காப்பிய உரியியல் 'கடி' என்ற ஒரே சொல்லுக்குப் பத்துப் பொருள் தருகிறது; மிகுதியும் அதில் ஒன்று, அச்சமும் அதில் ஒன்று. எதையாவது பெரிது என்று சொல்ல வரும்போது மனிதர்கள் பயத்தை எடுத்துக்கொள்கிறார்கள், இல்லாவிட்டால் உண்மையை. 'வெரி'யின் மூலமான பழைய பிரெஞ்சுச் சொல்லுக்கு 'மெய்யான' என்றுதான் பொருள். நம் 'ரொம்ப', நிரம்ப என்பதிலிருந்து வந்தது. அச்சத்திலிருந்தோ உண்மையிலிருந்தோ வராமல் நிறைவிலிருந்து வந்ததால், அந்தச் சொல்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

அழுத்தம் சேர்க்கும் இந்த ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றும் தனக்கென்று கூட்டாளி வைத்திருக்கிறது. ஒன்றின் இடத்தில் இன்னொன்று போகாது. குளிருக்கும் ஏமாற்றத்துக்கும் பிட்டர்லி, வறுமைக்கு டெஸ்பரேட்லி, கூச்சத்துக்கும் மந்தத்துக்கும் பெயின்ஃபுலி, போதாமைக்கு வோஃபுலி. கோடையில் நம் லைன் வீடுகளுக்கு வரும் தண்ணீரை 'வோஃபுலி இனாடிக்குவேட்' என்று எழுது, சரியாக இருக்கும். பிரிந்தவரை 'சோர்லி மிஸ்ட்' என்பார்கள். அட்டர்லி பெரும்பாலும் கெட்டதையே தேடிப் போகும்: அட்டர்லி யூஸ்லெஸ், அட்டர்லி ஃபால்ஸ். அமுல் வெண்ணெய் விளம்பரம் அதை ருசியோடு சேர்த்துவிட்டதால்தான் அத்தனை வருஷமாக நம் காதில் நிற்கிறது. அகராதியில் ஒரே வரிசையில் நிற்கிறதே என்று எதையாவது உருவி வைத்துவிடாதே. எதோடு வருகிறது என்று பார்த்து, அந்த ஜோடியை அப்படியே நோட்டில் எழுதி வை.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதம் கசப்பானது. டைப்ரைட்டிங் முடித்த புதிதில், சுரங்கத்தில் அடிபட்டவர்களுக்கு மனு அடித்துக் கொடுப்பேன். இடுப்பொடிந்து கிடந்த ஒருவருக்கு 'ஃபேட்டலி இஞ்சர்ட்' என்று அடித்தேன். சீரியஸ்லியைவிட அழுத்தமாக இருக்கிறதே என்று நினைத்தேன். காயத்தில் உயிர் போயிருந்தால்தான் ஃபேட்டலி. மனு திரும்பி வந்தது. மறுபடி அடித்து அனுப்பிப் பணம் கைக்கு வர மாதங்கள் ஆகின. அவர் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனம் இன்னும் என்னை விடவில்லை. அதன்பிறகு சிவியர்லி, கிரிட்டிக்கலி, கிரேவ்லி என்று ஒவ்வொன்றையும் எடைபோடாமல் டைப் மெஷினில் கை வைத்ததில்லை. சட்டமும் இப்படித்தான் எடைபோடுகிறது. 'கிரீவஸ் ஹர்ட்' என்பதற்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் 320ஆம் பிரிவு எட்டு வகைகளை எண்ணிச் சொன்னது. அதில் ஒன்று, இருபது நாள் கடும் வலியோடு கிடப்பது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது பதினைந்து நாள். அடைமொழிக்கு நாள்கணக்கு!

உன் விண்ணப்பத்துக்கு வருகிறேன். டெரிப்ளியை எடு, 'கீன்லி இன்ட்ரஸ்டட்' என்று வை. தாத்தா வரிக்கு எந்த அடைமொழியும் வேண்டாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. எந்த வருஷம் இறங்கினார், எந்த ஷாஃப்டில், 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடும்வரை எத்தனை வருஷம் என்று எழுது. சாம்பியன் ரீஃபின் ஆழத்தையும் பக்கத்தில் வை. படிக்கிறவருக்கு அதுவே போதும்.

சேர்ந்த தேதி எனக்குச் சரியாக நினைவில்லை. அண்ணனுடைய சர்வீஸ் சர்டிஃபிகேட் உங்கள் பாட்டியின் தகரப் பெட்டியில், புடவைகளுக்கு அடியில் இருக்கும். சனிக்கிழமை மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து வந்துவிடு. பெட்டியைத் திறந்து, தேதியைப் பார்த்து, இருவரும் உட்கார்ந்து அந்த வரியை எழுதிவிடலாம்.

அன்புடன்,
சின்னத் தாத்தா