ட்ரோல்களைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருப்பவை

கொச்சி மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகளில், பினாலே கலைக் கண்காட்சி நடக்கும் காலத்தில், ஓவியக் கல்லூரி மாணவர்களின் படைப்புகள் காட்சிக்கு வருகின்றன. படம் சுவரில் ஏறிய அன்றே இன்ஸ்டாகிராமிலும் ஏறிவிடும். வசவும் கூடவே வந்து சேரும். அப்போது பெரியவர்கள் நல்ல மனதோடு சொல்லும் அறிவுரைகள் பலவும் தவறானவை. அவற்றை நம்பி வரைவதையே நிறுத்திவிடும் பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

“கண்டுகொள்ளாதே, தானாக ஓய்ந்துவிடுவான்.” ஒற்றை ஆள் வம்புக்கு இழுத்தால் இது சரி. கூட்டமாக வந்தால் பலிக்காது. 2017 டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் நடிகை பார்வதி, மம்மூட்டி நடித்த ‘கசபா’வில் பெண்களை இழிவுபடுத்தும் காட்சியைக் குறை சொன்னார். ஆபாச வசவும் மிரட்டலும் நாள்கணக்கில் தொடர்ந்தன. அவர் நடித்த ‘மை ஸ்டோரி’ படப் பாடலுக்குக்கூட டிஸ்லைக்கைக் குவித்தார்கள். அவர் போலீசில் புகார் கொடுத்தார். அந்த மாதமே கைது நடந்தது.

வசைபாடுகிறவனுக்குப் பதில் சொல்வது பாதிக்கப்பட்டவரின் வேலை அல்ல என்பது உண்மைதான். ஆனால் பக்கத்தில் நிற்பவர்கள் பேசியாக வேண்டும். ஒரு மாணவியின் கரிக்கோல் படத்தின் கீழே “யாரைப் பிடித்து இந்தச் சுவர் கிடைத்தது?” என்று ஒருவன் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வரும் சக ஓவியர், “இது அசிங்கமான பேச்சு” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, “இடது மூலையில் கரியை விரலால் தேய்த்தாயா, துணியாலா?” என்று அவளிடம் கேட்டால் போதும், பேச்சு மறுபடி படத்துக்கு வந்துவிடும். படம் பிடிக்கவில்லை என்று கடுமையாகச் சொல்பவரை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது விமர்சனம், கலைஞருக்கு அது வேண்டும்.

“வேலைவெட்டி இல்லாதவன்தான் இப்படிச் செய்வான்” என்பதும் ஆறுதலுக்குச் சொல்வதே. 2012 அக்டோபரில் பாடகி சின்மயி சென்னை போலீசில் கொடுத்த புகாரில் கைதான இருவரில் ஒருவர் கல்லூரிப் பேராசிரியர். ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: மனநிலை கெட்டிருக்கும்போது, தனக்கு முன்னால் நாலு பேர் கேவலமாக எழுதியிருப்பதைப் பார்த்தால், சாதாரண ஆட்களும் அப்படியே எழுதத் தொடங்குகிறார்கள். அதனால்தான் படங்களைப் பகிரும் குழுவின் அட்மின் முதல் வசவையே உடனே நீக்க வேண்டும் என்கிறேன். பத்து சேர்ந்த பிறகு நீக்குவதில் பாதிப் பயன்தான்.

“உண்மைப் பெயரைக் கட்டாயமாக்கினால் அடங்கிவிடும்.” தென்கொரியா 2007-ல் அதைச் செய்து பார்த்தது, 2012-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 2018-ல் இந்தியக் கலை உலகின் பாலியல் அத்துமீறல் புகார்கள் வெளிவந்ததும் பெயரில்லாத ஓர் இன்ஸ்டாகிராம் கணக்கின் வழியாகத்தான். அவை கொச்சி பினாலே நிர்வாகம் வரை எட்டின. பெயரை மறைக்கும் எல்லோரும் ட்ரோல் அல்ல.

“நேரில் போய் ரெண்டு வைத்தால் சரியாகும்.” 2020 செப்டம்பரில், பெண்களை ஆபாசமாகப் பேசி வந்த யூடியூபர் ஒருவரைத் தேடி டப்பிங் கலைஞர் பாக்யலட்சுமியும் இன்னும் இரு பெண்களும் திருவனந்தபுரத்தில் அவர் இருந்த இடத்துக்கே போனார்கள். அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் யூடியூபர் கைதானதோடு நிற்கவில்லை. இவர்கள் மீதும் வழக்குப் பாய்ந்தது, முன்ஜாமீனுக்கு உயர் நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று.

அதையொட்டி எழுந்ததுதான் “கடுமையான சட்டம் வேண்டும்” என்ற குரல். கேரள அரசு அந்த நவம்பரில் போலீஸ் சட்டத்தில் 118ஏ பிரிவை அவசரச் சட்டமாகச் சேர்த்தது. பத்திரிகைகளின் வாயையும் அது அடைத்துவிடும் என்று எதிர்ப்பு கிளம்பவே, சில நாட்களில் பின்வாங்கியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவும் கேரளத்தின் 118(டி) பிரிவும் 2015-லேயே உச்ச நீதிமன்றத்தில் விழுந்தவை. இருக்கிற சட்டத்திலேயே வழி உண்டு: பாரதிய நியாய சன்ஹிதாவில் பின்தொடர்ந்து தொல்லை தருவதற்கு 78, பெண்ணின் கண்ணியத்தை அவமதிப்பதற்கு 79, மிரட்டலுக்கு 351.

வழக்கு நிற்க ஆதாரம் வேண்டும். அட்மின் நீக்குவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும்; அதில் தேதி, நேரம், கணக்கின் பெயர் தெரிய வேண்டும்; பதிவின் லிங்கையும் தனியே குறித்து வைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியும்போது இவை கைகொடுக்கும். இந்த வேலையைத் திட்டு வாங்கியவர் தலையில் கட்டாமல் குழுவில் வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும். அந்த வசவை அவர் இன்னொரு முறை வாசிக்க வேண்டியதில்லை.