மடிக்கணினிக்கு இணைப்பு வராதபோது

கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு முன்னாளில் பேரேட்டில் மட்டும் இருந்தது. இந்நாளில் கணினியிலும் இருக்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்க, 2,516 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டம் ஒன்றை மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் அங்கீகரித்தது. நெசவாளர் சங்கங்களிலும் கூலிப் பட்டுவாடாவை வங்கிக் கணக்கின் மூலம் நடத்துவோர் உண்டு. ஆகவே, சங்கத்து மடிக்கணினிக்கு இணைய இணைப்பு அற்றுப்போவது காரியதரிசி ஒருவருடைய தொல்லை மாத்திரமன்று. கடனுக்கு வந்த உழவரும் கூலியை எதிர்நோக்கும் நெசவாளரும் அதனால் காத்திருக்க நேரிடுகிறது.

இத்தகைய வேளையில் பெரும்பாலோர் செய்வது யாது? கைக்கு எட்டிய பொத்தான்களை எல்லாம் அமுக்குகின்றனர். பின்னர்ப் பணம் கொடுத்து ஆளை வரவழைக்கின்றனர். பழுது எங்கே உள்ளது என்பதை அறியாமல் செய்யும் செலவு அங்கத்தினரின் பணத்தை வீணாக்குவதாகும். அவ்விடத்தைக் கண்டறியும் முறையை இப்பாடத்தில் ஆராய்வோம்.

இணைப்பு வரும் வழி

வயலுக்கு நீர் வரவில்லையெனில் உழவர் உடனே ஏரியைக் குறை கூறுவதில்லை. பக்கத்து வயலில் நீர் பாய்கிறதா என்று முதலில் பார்க்கிறார். பாய்ந்தால் குறை தம் வயலின் மடையில் உள்ளது; பாயாவிட்டால் வாய்க்காலிலோ மதகிலோ உள்ளது. கணினிக்கும் இதுவே முறை.

இணையம் சங்கத்துக் கணினிக்கு இரண்டு கட்டங்களாக வருகிறது. வெளியிலிருந்து கம்பி வழியாக ரூட்டர் என்னும் பெட்டி வரை வருவது முதற்கட்டம். அப்பெட்டியிலிருந்து வானொலி அலையாக மடிக்கணினியை அடைவது இரண்டாம் கட்டம். வைஃபை என்று நாம் வழங்குவது இந்த இரண்டாம் கட்டத்தை மட்டுமே. வைஃபை குறைவின்றி இருந்தும் இணையம் இல்லாதிருக்கக் கூடும் என்பதை இதனால் உணரலாம்.

முதற் கேள்வி

எனவே நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "மற்றக் கருவிகளுக்கு இணைப்பு வருகிறதா?" என்பதே. ஒரு கைப்பேசியை அதே வைஃபையுடன் இணைத்துப் பார்த்தல் வேண்டும். அப்போது கைப்பேசியின் சொந்த டேட்டாவை நிறுத்திவிடுவது அவசியம். இல்லையேல், சிம் வழியாக வரும் இணையத்தை ரூட்டர் வழியாக வந்ததென்று தவறாகக் கொள்ள நேரும்.

கைப்பேசிக்கும் வரவில்லையெனில் மடிக்கணினியைத் தொட வேண்டுவதில்லை. ரூட்டரின் மின் இணைப்பை எடுத்து, அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் கொடுக்க வேண்டும். அது முழுதும் இயங்கத் தொடங்கச் சில நிமிடங்கள் ஆகும். அதன் பின்னும் இணையம் வராவிட்டால், சேவை அளிக்கும் நிறுவனத்திடம் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுதல் முறை.

மடிக்கணினியில் பார்க்க வேண்டியவை

கைப்பேசிக்கு இணைப்பு வந்து மடிக்கணினிக்கு வரவில்லையெனில், கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வைஃபை அணைக்கப்பட்டிருக்கிறதா என்பது. விசைப்பலகையில் விமானப் படம் உள்ள விசை தவறுதலாக அமுங்கினால் கம்பியில்லாத் தொடர்பு அனைத்தும் நின்றுவிடும். சில பழைய கணினிகளின் பக்கவாட்டிலேயே இதற்கென ஒரு சிறு சுவிட்சு உண்டு.

இரண்டாவது, சங்கத்து வைஃபையின் பெயர் பட்டியலில் தெரிகிறதா என்பது. தெரியாவிட்டால் கணினியை ரூட்டரின் அருகே கொண்டுசென்று பார்க்க வேண்டும். இரும்புப் பீரோவும் தடித்த சுவரும் அலையைத் தடுப்பன. ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு அலைவரிசைகளில் இயங்குகின்றன. முன்னது சுவரைக் கடந்து அதிக தூரம் எட்டும். பின்னது வேகம் மிக்கது, ஆயினும் தூரம் குறைந்தது. பழைய மடிக்கணினிகள் சிலவற்றிற்குப் பின்னதைப் பெறும் வசதியே இல்லை. பீரோவின் பின்னால் கிடக்கும் ரூட்டரை எடுத்து உயரமான திறந்த இடத்தில் வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

மூன்றாவது, கடவுச்சொல். ரூட்டரில் அதை மாற்றிய பின்னரும் கணினி பழைய சொல்லையே நினைவில் வைத்திருக்கும். அமைப்புகளில் அந்த வைஃபையின் பெயரை 'மறந்துவிடு' என்று கட்டளையிட்டு, புதிய சொல்லைப் பிழையின்றி இடுதல் வேண்டும். ஆங்கில எழுத்துகளில் பெரியதும் சிறியதும் வெவ்வேறாகவே கொள்ளப்படும்.

நான்காவது, கணினியை மறுதொடக்கம் செய்தல். விண்டோஸ் கணினிகள் பலவற்றில் 'அணை' என்பதைத் தேர்ந்தால், விரைவில் மீண்டும் எழுவதற்காக முந்தைய நிலையின் ஒரு பகுதி சேமிக்கப்படுகிறது. 'மறுதொடக்கம்' என்பதைத் தேர்ந்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

இணைந்தும் திறவாமை

வைஃபை இணைந்ததாகக் காட்டியும் எந்தத் தளமும் திறவாத நிலை ஒன்றுண்டு. ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஓர் எண் முகவரியை வழங்குகிறது. அது கிடைக்காதபோது விண்டோஸ் கணினி 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றைத் தானே சூட்டிக்கொள்கிறது. இணைப்பின் விவரங்களில் அவ்வெண் காணப்பட்டால், ரூட்டரிடமிருந்து முகவரி வரவில்லை என்று அறியலாம். அப்போது ரூட்டரையும் கணினியையும் மறுதொடக்கம் செய்து பார்க்க வேண்டும்.

பலரும் கருதாத காரணம் இன்னும் ஒன்று உண்டு. நாம் ஆய்வுக்குச் சென்ற நெசவாளர் சங்கம் ஒன்றில், ஒரு சனிக்கிழமை காலையில் வாரக் கூலி வங்கிக்கு அனுப்பப்படாமல் நின்றிருந்தது. வைஃபை இணைந்திருந்தது, வங்கியின் தளம் மட்டும் எச்சரிக்கை காட்டித் திறக்க மறுத்தது. புதிய கணினி வாங்குவதற்கான தீர்மானத்தின் நகலும் மேசைமேல் ஆயத்தமாக இருந்தது. நாம் திரையின் மூலையைப் பார்த்தோம். அங்கே பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதி நின்றது. அக்கணினி சில மாதங்கள் பீரோவில் உறங்கியதால் மின்கலம் தீர்ந்து, கடிகாரம் பின்னோக்கிப் போயிருந்தது. பாதுகாப்பான தளங்கள் ஒவ்வொன்றும் குறித்த காலத்திற்குச் செல்லும் சான்றிதழ் ஒன்றைக் காட்டுகின்றன. கணினியின் தேதி தவறாயின் அச்சான்றிதழ் செல்லாதது போலத் தோன்றும். தேதியைத் திருத்தினோம், தளம் திறந்தது. மாலைக்குள் கூலி போய்ச் சேர்ந்தது. தீர்மானம் எழுதிய தாள் கிழிக்கப்பட்டது.

செய்யத் தகாதவை

ரூட்டரின் பின்புறத்தில் ஊசி நுழையும் அளவான துளைக்குள் இருக்கும் பொத்தானை அழுத்தலாகாது. அது மறுதொடக்கமன்று, நிறுவனம் அமைத்துக் கொடுத்தவை யாவும் அதனால் அழிந்துவிடும். இணைப்பு எளிதில் வரட்டும் என்று கடவுச்சொல்லை நீக்கிவிடுவதும், பெயர் தெரியாத திறந்த வைஃபையில் சங்கத்தின் வங்கிக் கணக்கைத் திறப்பதும் தகா. "பழுது பார்க்கிறோம்" என்று தொலைபேசியில் அழைக்கும் அந்நியருக்குக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் அனுமதியை எக்காரணத்தாலும் அளிக்கலாகாது. பணம் பறிபோயிற்று என்று ஐயம் எழுந்தால், உடனே வங்கிக்கும், இணையக் குற்றங்களுக்கான 1930 என்னும் உதவி எண்ணிற்கும் தெரிவிக்க வேண்டும்.

இவை அனைத்தினும் முக்கியமான விதி ஒன்றுண்டு. ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, பயன் உண்டா என்று சோதிக்க வேண்டும். நான்கு மாற்றங்களை ஒருங்கே செய்தவருக்கு, இணைப்பு வந்தாலும் எதனால் வந்தது என்பது தெரியாது. அடுத்த முறையும் அவர் ஆரம்பத்திலிருந்தே தொடங்க வேண்டியவராவார்.

ஆதலால், கணினியின் அருகில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தல் நலம். பழுது கண்ட தேதி, திரையில் தோன்றிய வாசகம், செய்த காரியம், கண்ட பயன் ஆகிய நான்கையும் அதில் எழுதி வருக. காரியதரிசி மாறினாலும் அப்புத்தகம் மாறாது. வெளியாளை அழைக்கும் நிலை வந்தாலும், எங்கே பழுது என்று சங்கமே அவருக்குச் சொல்லக்கூடும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. நமது சங்கத்தின் ரூட்டர் எங்கே உள்ளது? அது இருக்கத் தக்க இடம் அதுதானா?

2. காரியதரிசி இல்லாத நாளில் முதற் கேள்வியைக் கேட்டுப் பழுதுள்ள கட்டத்தைக் கண்டறிய வல்லவர் நம்முள் எத்தனை பேர்?

3. இணைப்பு ஒரு நாள் முழுவதும் வராவிட்டால், அன்றைய கணக்கைக் கையால் எழுதி மறுநாள் ஏற்றுவதற்கு நம்மிடம் ஏற்பாடு உண்டா?