சுமையும் சூடும்

பொழுது விடியும் முன்பே இரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டு தொடங்கிவிடும். மரங்களில் வடிந்த பாலைச் சேகரித்துத் தோம்புகளில் நிரப்பி, அது உறைவதற்குள் நிறுவைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். முற்காலத்தில் தொழிலாளர்கள் காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தனர். பின்னர், அச்சுமையைக் ‘கப்சாய்’ எனப்படும் சிறிய மோட்டார் சைக்கிள் ஏற்றுக்கொண்டது.

நெகிரி செம்பிலானில் தித்திவங்சா மலைத்தொடரின் தென்பகுதி அமைந்துள்ளது. ஆகவே, இம்மாநிலத் தோட்டங்கள் பலவற்றில் மேடும் பள்ளமுமான செம்மண் பாதைகளைக் காணலாம். மேட்டில் ஏறும்போது இயந்திரம் சூடேறி நின்றுவிட்டால், தோம்பிலுள்ள பால் உறைந்து கட்டிப்பாலாகிவிடும். அதற்குக் கிடைக்கும் விலையும் குறைவு. இயந்திரத்தின் சூடு ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானத்தையே பாதிக்கக்கூடியது.

இயந்திரம் ஏன் சூடேறுகிறது? பெட்ரோல் எரியும்போது வெளிப்படும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே வண்டியை நகர்த்தப் பயன்படுகிறது. எஞ்சியது வெப்பமாகிறது. அதில் ஒரு பகுதி புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. மற்றொரு பகுதி இயந்திரத்தின் உலோகச் சுவர்களில் தங்குகிறது. அதனை உடனுக்குடன் வெளியேற்றாவிட்டால், இயந்திர எண்ணெயின் வழவழப்புக் குறையும். பிஸ்டன் விரிவடைந்து உருளையோடு இறுகிக்கொள்ளும்.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். வண்டியின் எடை 100 கிலோகிராம், ஓட்டுநரின் எடை 60 கிலோகிராம், சுமை 40 கிலோகிராம் எனக் கொள்வோம். மொத்தம் 200 கிலோகிராம். 100 மீட்டர் நீளமுள்ள பாதை 10 மீட்டர் உயரம் ஏறுகிறது. அதனை 20 வினாடிகளில் கடக்க வேண்டும். உயரத்திற்கு ஏற்றுவதற்கு மட்டுமே ஏறத்தாழ 1 கிலோவாட் திறன் தேவை. அப்போது 3 கிலோவாட் அளவு வெப்பம் உண்டாகும். இது 1,500 வாட் மின்கேத்தல்கள் இரண்டு ஒரே நேரத்தில் வெளியிடும் வெப்பத்திற்குச் சமம். சுமையில் 20 கிலோகிராமைக் குறைத்தால், இவ்வெப்பம் பத்தில் ஒரு பங்கு குறையும். ஆகவே, சுமையைக் குறைப்பதே சூட்டைத் தணிப்பதற்கான முதல் வழியாகும்.

இரண்டாம் வழி, உண்டான வெப்பத்தை வெளியேற்றுவது. பழைய கப்சாய்களின் உருளையைச் சுற்றி மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாக இருக்கும். அவை காற்றுப்படும் பரப்பைப் பெருக்கி வெப்பத்தை விரைவாக வெளியேற்றுகின்றன. ஆனால், மேட்டில் வண்டி மெதுவாகச் செல்வதால் தகடுகளின் மீது வீசும் காற்றும் குறைகிறது. மிகுந்த குளிர்ச்சி தேவைப்படும் வேளையில்தான் குறைந்த காற்று கிடைக்கிறது. தகடுகளுக்கிடையே செம்மண் சேறு காய்ந்திருந்தால், அது போர்வைபோல் வெப்பத்தைத் தடுத்துவிடும்.

இக்குறையைப் போக்கத் திரவக் குளிரூட்டல் உதவுகிறது. மலேசியாவில் பலரும் அறிந்த யமஹா 135 எல்சி வண்டியின் பெயரிலுள்ள ‘எல்சி’ இம்முறையைக் குறிப்பதே. இதில் குளிர்திரவம் இயந்திரத்தின் வெப்பத்தைக் கதிர்வீசிக்கு எடுத்துச் சென்று காற்றில் விடுகிறது. எனினும், கதிர்வீசி, பம்பு, திரவம் ஆகியவை வண்டியின் எடையைக் கூட்டுகின்றன. ஒரு நன்மையைப் பெற மற்றொன்றைச் சற்று விட்டுக்கொடுக்க வேண்டியுள்ளது.

கனடா போன்ற குளிர்நாடுகளில் பனிமலையில் ஓடும் பனிவண்டிக்கும் இதே சிக்கல் உண்டு. அதன் சுழல்பட்டை வாரி இறைக்கும் பனி, வெப்பமாற்றியின் மீது பட்டு உருகி வெப்பத்தைக் கவர்கிறது. இறுகிய பனிக்கட்டியின் மீது ஓடும்போது பனித்தூள் எழுவதில்லை. எனவே, கடுங்குளிரிலும் இயந்திரம் சூடேறிவிடுகிறது. சுற்றுப்புறம் குளிர்ந்திருந்தால் மட்டும் போதாது. அக்குளிர்ச்சி இயந்திரத்தைச் சென்றடைய வேண்டும்.

எடைக் குறைப்பு என்றாலே பாகங்களைக் கழற்றிவிடுவது என இளையோர் சிலர் எண்ணுகின்றனர். இது தவறு. 1958ஆம் ஆண்டு ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட சூப்பர் கப் வண்டியில் முன்சக்கரச் சேற்றுக்காப்பும் கால்மறைப்பும் நெகிழியால் செய்யப்பட்டன. பாகங்கள் நீக்கப்படவில்லை, அவற்றின் மூலப்பொருளே மாற்றப்பட்டது. சேற்றுக்காப்பைக் கழற்றினால் சில நூறு கிராம் குறையலாம். ஆனால், சேறு நேரே குளிரூட்டும் தகடுகளில் வந்து படியும். கண்ணாடியையோ நிறுத்துக்கருவியின் பாகங்களையோ கழற்றுவது உயிருக்கே ஆபத்தானது. மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே என்பதை மறக்கலாகாது.

எனவே, கழற்ற வேண்டியது வண்டியின் பாகங்களை அல்ல; தேவைக்கு மிஞ்சிய சுமையைத்தான். இரண்டு தோம்புகளை ஒரே முறையில் ஏற்றாமல் இரு நடைகளாகக் கொண்டு செல்லலாம். மேட்டில் ஏறுமுன் குறைந்த கியருக்கு மாற்ற வேண்டும். இயந்திர எண்ணெயின் அளவையும் சக்கரங்களின் காற்றழுத்தத்தையும் தவறாமல் சோதிக்க வேண்டும். வண்டி சூடேறிவிட்டால், நிழலில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துக் காத்திருக்க வேண்டும். கொதிக்கும் இயந்திரத்தின் மீது குளிர்ந்த நீரை ஊற்றினால், உலோகம் திடீரெனச் சுருங்கி விரிசல் விடக்கூடும். சூடாக இருக்கும் கதிர்வீசியின் மூடியைத் திறந்தால், கொதிதிரவம் பீறிட்டு உடலைப் பொசுக்கிவிடும். தகடுகளில் படிந்த சேற்றையும் இயந்திரம் நன்கு ஆறிய பின்னரே கழுவ வேண்டும்.

மென்மையான மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் எனத் திருவள்ளுவர் எச்சரித்துள்ளார். அவர் கண்டது மாட்டுவண்டிக் காலம். தோம்புகளோடு மேடேறும் மோட்டார் சைக்கிளுக்கும் அவ்வெச்சரிக்கை பொருந்துகிறது. அளவறிந்து ஏற்றுபவரின் வண்டி பால் உறைவதற்குள் நிறுவையைச் சென்றடையும். அவரும் நலமாக வீடு திரும்புவார்.