கிஸ்திக் கணக்கில் கொள்ளுத்தாத்தா

பரணில் கிடைத்த பட்டாவையும் கிஸ்தி (நிலவரி) ரசீதையும் வைத்துக்கொண்டு குடும்ப வரலாறு எழுதப் பலர் இறங்கியிருக்கிறார்கள். அருமையான வேலை. ஆனால் அந்தத் தாள்கள் சொல்லாததையெல்லாம் சொன்னதாக எடுத்துக்கொண்டால் வம்சாவளியே கோணிவிடும்.

நம்பிக்கை: பட்டாவில் பெயர் இருந்தால், ஆள் அப்போது உயிரோடு இருந்தார்.

உண்மை: நிலவரிக் கணக்கு, வரி வந்ததா என்று பார்க்க எழுதியது. கட்டியவர் மகனா பேரனா என்பது சர்க்காருக்கு முக்கியமில்லை. பெயர் மாற்ற யாரும் மனுப் போடாதவரை, இறந்தவர் பெயரிலேயே பட்டா இரண்டு தலைமுறைகூட ஓடும். ஒரு பெயர் கணக்கிலிருந்து மறைந்த ஆண்டை இறந்த ஆண்டாக எழுதிவிடாதீர்கள்.

நம்பிக்கை: ரசீதில் உள்ள 1320 ஏதோ எழுத்துப்பிழை.

உண்மை: அது நிலவரிக் கணக்குக்குரிய பசலி ஆண்டு. 590 கூட்டுங்கள், 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை.

நம்பிக்கை: வரிக் கணக்கில் உறவுமுறை தெரியாது.

உண்மை: சிட்டா தகப்பன் பெயரோடு நின்றுவிடும் என்பது சரிதான். ஆனால் உங்கள் குடும்பத்துக்கு இனாம் நிலம் இருந்திருந்தால் கதையே வேறு. வரியில்லாமலோ குறைந்த வரியிலோ அனுபவித்த மானியங்களை விசாரிக்க, சென்னை மாகாணத்தில் 1858-ல் இனாம் கமிஷன் அமைந்தது. சலுகை கேட்டவர் தன் பாத்தியதையை நிரூபிக்க வேண்டியிருந்தது. அதனால் முதலில் மானியம் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் அவருக்கு என்ன உறவு, வயது என்ன என்றெல்லாம் பதிவேட்டில் ஏறின. ஒழுங்காக வரி கட்டியவரைவிட, கட்டாதிருக்க உரிமை கேட்டவரின் வம்சமே விரிவாகப் பதிவாகியிருக்கிறது! எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள்.

நம்பிக்கை: எந்தக் கணக்கிலும் பெயர் இல்லையா? அப்படியானால் அந்த ஊர் உங்கள் பூர்வீகம் இல்லை.

உண்மை: இதைக் கேட்டு மனம் உடைந்தவர்கள் உண்டு, அதனால் அழுத்தியே சொல்கிறேன். சர்க்கார் நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரி முறையின் கணக்கு பட்டாதாரரை மட்டுமே எழுதியது. வாரத்துக்கு உழுதவரும் பண்ணையாளும் அதே நஞ்சையில் தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் நின்றும் அதில் ஏறவில்லை. ஜமீன் கிராமங்களில் குடியானவர் பெயரே ஜமீன் கணக்கில்தான் இருக்கும். நிலமில்லாதவர் வம்சத்தை வேறு ஏடுகளில் தேட வேண்டும்: பிறப்பு இறப்புப் பதிவேடு, தேவாலய ஞானஸ்நானப் பதிவு, 1892 அரசாணையை அடுத்து ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலங்களின் கணக்கு. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற கப்பல்களின் பட்டியல்களும் இருக்கின்றன. ஊர்க் கணக்கில் ஏறாத ஒருவரின் பெயர், தகப்பன் பெயர், வயது, கிராமம் எல்லாம் அங்கே ஒரே வரியில் கிடைக்கலாம்.