திருவிழாவுக்குப் போக ஒரு எக்செல் ஷீட்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய பலர் எக்செல் என்றாலே ஆபீஸ் கணக்கு என்று ஒதுங்கி விடுகிறார்கள். ஊர் சுற்றவும் அது உதவும். என் அனுபவத்தையே பாடமாகத் தருகிறேன்.

2024ல் கம்பெனி வேலையாக இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருந்தேன். லண்டன் நாட்டிங் ஹில் கார்னிவல் பார்க்க ஆசை. கரீபியன் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் இந்தத் தெருத் திருவிழா 1966ல் தொடங்கியது. ஆகஸ்ட் மாதக் கடைசித் திங்கட்கிழமையும் அதற்கு முந்தைய ஞாயிறும் நடக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் போக, தங்க, சாப்பிட? கல்விக் கடன் தவணை போக என் கையில் நின்றது 120 பவுண்ட்.

எக்செல் திறந்து ஏ நெட்டு வரிசையில் செலவின் பெயர், பி-யில் ஒன்றின் விலை, சி-யில் எத்தனை, டி-யில் மொத்தம் என்று தலைப்பு கொடுங்கள். பஸ் 14, 2 முறை. லண்டனுக்குள் ரயில் 10, 3 நாள். ஹாஸ்டல் படுக்கை 35, 2 இரவு. சாப்பாடு 10, 3 நாள். இதர செலவு 8. இனி டி2 செல்லில் சமக்குறி போட்டு, பி2-ஐ கிளிக் செய்து, நட்சத்திரக் குறி தட்டி, சி2-ஐ கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 28 வரும். அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து டி6 வரை இழுத்தால் மற்றவையும் வந்து விடும். டி7-ல் நின்று ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டினால் கூட்டுத்தொகை.

எனக்கு 96 வந்தது. 24 பவுண்ட் மிச்சம் என்ற சந்தோஷத்தில், பணம் திரும்பக் கிடைக்காத மலிவு பஸ் டிக்கெட்டை வாங்கி விட்டேன். (அவசரப்படுவதில் நாங்கள் சாஃப்ட்வேர்காரர்கள் மோசம்.) ஹாஸ்டலுக்குப் பணம் கட்டப் போகும்போதுதான் உறைத்தது. பஸ்ஸுக்கு 28, ஹாஸ்டலுக்கு 70 போனால் கையில் 22. மூன்று நாள் சாப்பாட்டுக்கே 30 வேண்டுமே!

தவறு டி4 செல்லில். வெப்சைட்டில் இரண்டு இரவுக்கும் சேர்த்து மொத்தத் தொகை இருந்ததால், ஃபார்முலாவை அழித்துவிட்டு "70 பவுண்ட்" என்று நேராக டைப் செய்திருந்தேன். எண்ணோடு சொல் சேர்ந்தால் எக்செல்லுக்கு அது வெறும் எழுத்து, கூட்டலில் சேர்க்காது. எந்த எச்சரிக்கையும் வராது. உண்மையான மொத்தம் 166.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். எண்கள் செல்லின் வலது ஓரத்திலும் எழுத்துகள் இடது ஓரத்திலும் நிற்கும். நீங்களாக இடம் மாற்றாதவரை, இடது பக்கம் ஒட்டி நிற்கும் தொகையை நம்பாதீர்கள். இன்னொரு வழி, ஆட்டோசம் பட்டனை ஒட்டிய சிறு அம்புக்குறியைக் கிளிக் செய்து கவுன்ட் நம்பர்ஸ் தேர்ந்தெடுத்து, டி2 முதல் டி6 வரை செலக்ட் செய்து என்டர் தட்டுங்கள். 5 வர வேண்டும். எனக்கு 4 வந்தது. பவுண்ட், ரூபாய் அடையாளம் வேண்டுமென்றால் வெறும் எண்ணை டைப் செய்துவிட்டு, கன்ட்ரோல் கீயுடன் 1 அழுத்தி, கரன்சி பிரிவில் தேர்ந்தெடுங்கள்.

ஈஸ்ட் ஹாமில் இருந்த கல்லூரி சீனியருக்கு போன் செய்தேன். "ஒரு ராத்திரி இங்கே வந்து படுத்துக்கோடா" என்றார். டி4-ல் ஃபார்முலாவைத் திரும்பப் போட்டு சி4-ஐ 1 ஆக்கினேன், 131. புளியோதரை கட்டிக்கொண்டு போவதென்று முடிவு செய்து சாப்பாட்டை 6 ஆக்கினேன்; 119. ஒரு எண்ணை மாற்றினால் மொத்தமும் தானே மாறும் என்பதுதான் ஃபார்முலாவின் லாபம்.

கார்னிவல் அன்று லாட்ப்ரோக் குரோவ் ஸ்டேஷனை மூடி விடுகிறார்கள். தூரத்திலேயே இறங்கி, ஸ்டீல் டிரம் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சில வீடுகளில் கழிப்பறைக்குக் காசு வாங்குகிறார்கள். இதர செலவில் இருந்த 8 பவுண்ட் அங்கேதான் கைகொடுத்தது. திரும்பி வந்ததும் ஈ நெட்டு வரிசையில் உண்மைச் செலவை எழுதி வைத்தேன். அடுத்த பயணத்துக்கு அதே ஃபைலை வேறு பெயரில் சேவ் செய்து, பி-யில் உள்ள எண்களை மட்டும் மாற்றிக் கொள்கிறேன்.