அடுப்பில்லாத அறையில் சரிவிகிதச் சாப்பாடு

வேலைக்காகவோ படிப்புக்காகவோ நகரத்துக்கு வந்து, அடுப்பு வைக்க அனுமதியில்லாத அறையில் தங்குவோரின் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் தெருமுனைப் பாஸ்ட் ஃபுட் வண்டியில்தான் முடிகிறது. திருவல்லிக்கேணி மேன்ஷன்களானாலும் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஹாஸ்டல்களானாலும் கதை ஒன்றுதான். எது உடம்புக்கு நல்லது என்பது இவர்களுக்குத் தெரியாமல் இல்லை. வேலை முடிந்து திரும்பும் பத்து மணிக்கு மெஸ் மூடியிருக்கும், பழக்கடைக்காரர் தார்ப்பாயைப் போர்த்தியிருப்பார். எரிந்துகொண்டிருப்பது வண்டிக்கடை அடுப்பு மட்டுமே.

அந்த அடுப்பருகே சிறிது நேரம் நின்று பார்த்தால் தட்டில் என்ன வருகிறது என்பது விளங்கும். கடாயில் ஒரு கரண்டி எண்ணெய், அது புகையும்போது முட்டை, ஒரு கைப்பிடி கோஸும் கேரட்டும், முன்பே வடித்து ஆறவைத்த சோறு, உப்பு, மிளகுத்தூள், அஜினமோட்டோ, சோயா சாஸ். இரண்டு நிமிடத்தில் தட்டு நிறைந்துவிடுகிறது. அதில் சோறும் எண்ணெயும் தாராளம், காய் பெயருக்கு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரை உட்பட 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு அல்லது முட்டை, இறைச்சி என்று கணக்குச் சொல்கிறது. வண்டிக்கடைச் சாப்பாட்டில் தானியம் குறைவதே இல்லை. குறைவது காயும் பழமும் பருப்பும்தான். பரோட்டா, சால்னாவுக்கும் இதே கணக்குப் பொருந்தும்.

அஜினமோட்டோவைப் பற்றி உள்ள பயம் அளவுக்கு மீறியது. அதில் உள்ள சோடியம் சாதாரண உப்பில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். கவனிக்க வேண்டியது மொத்த உப்பை. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸிலேயே ஏறத்தாழ 2 கிராம் உப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பே 5 கிராம். செயற்கை நிறமும் கவலைக்குரியதே. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி சாயம் கலந்த பஞ்சு மிட்டாயைத் தமிழ்நாடு தடைசெய்தது. அடுத்த மாதம் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதைக் கர்நாடகம் தடைசெய்தது. கண்ணைப் பறிக்கும் சிவப்பில் வருகிற கோபியையும் சில்லியையும் விட்டுவிடுவது நல்லது.

வண்டிக்கடையை அடியோடு விட்டுவிடுவதாகச் சபதம் எடுப்போர் பெரும்பாலும் மாதக்கடைசிக்குள் அங்கேயே திரும்பி வந்து நிற்பார்கள். அதைவிட, போகும்போது கேட்டு வாங்குவது எளிது. "அண்ணே, எண்ணெய் கம்மியா, சாஸ் வேண்டாம், கோஸ் கொஞ்சம் கூடப் போடுங்க" என்றால் மாஸ்டர்கள் மறுப்பதில்லை. அவர்களுக்கும் சாஸ் மிச்சம். ஒரு பிளேட்டுக்குப் பதில் அரை பிளேட்டும் கூடவே ஓர் ஆம்லெட்டும் வாங்கினால் சோறு குறைந்து புரதம் கூடும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. கூல் டிரிங்க்ஸைத் தொடவே வேண்டாம். 250 மில்லி கோலாவில் ஏறத்தாழ 26 கிராம் சர்க்கரை இருக்கிறது. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

காய்கறிக் கணக்கை இரவில் நேர்செய்ய முடியாது. மதியமே பார்த்துக்கொள்ள வேண்டும். அன்லிமிடெட் மீல்ஸ் போடும் மெஸ்ஸில் பலரும் இரண்டாம் முறை சோறு வாங்குகிறார்களே தவிர, பொரியலையும் கூட்டையும் மறுபடி கேட்பதில்லை. கேட்டால் வைப்பார்கள், காசும் கூடாது. சோற்றை ஒரு முறையோடு நிறுத்தி, பொரியல், கூட்டு, கீரை ஆகியவற்றை இரண்டு முறை வாங்குவதுதான் வெளியில் சாப்பிடுவோர் செய்யக்கூடிய மிக மலிவான திருத்தம். அளவுச் சாப்பாட்டில் இந்த வசதி இல்லை. அங்கே ஒரு கீரையோ பொரியலோ தனியாக வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அடுத்த திருத்தம் சாயங்காலத்தில். ஆறு மணிக்கு டீயும் வடையுமாகச் சமாளித்தவர் பத்து மணிக்குப் பசி தாங்காமல் ஃபுல் பிளேட் கேட்பார். அதே நேரத்தில் ஒரு பொட்டலம் சுண்டலோ அவித்த கடலையோ சாப்பிட்டிருந்தால் அரை பிளேட்டே போதும் என்று தோன்றும். பழத்தையும் அப்போதே வாங்கி வைத்துவிட வேண்டும். வாழைப்பழமும் கொய்யாவும் போதும். ஆப்பிளைவிடக் கொய்யா விலை குறைவு, வைட்டமின் சி-யோ ஆரஞ்சைவிடப் பல மடங்கு. அறையில் தக்காளி, வெள்ளரிக்காய், கேரட், வறுத்த நிலக்கடலை வைத்துக்கொள்ள அடுப்பு தேவையில்லை. பச்சைப்பயறை இரவு ஊறவைத்து, காலையில் ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளைவிட்டிருக்கும். நன்றாகக் கழுவி, கெட்டில் இருந்தால் வெந்நீரில் போட்டெடுத்துச் சாப்பிடலாம். வெயில் காலத்தில் அது சீக்கிரம் ஊசிப்போகும் என்பதால் கொஞ்சமாக ஊறவைப்பதே சரி.

கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்குச் சென்னையில் 2013-இல் தொடங்கிய அம்மா உணவகங்கள் பெரிய ஆறுதல். ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம், மூன்று ரூபாய் தயிர் சாதம் என்று வயிறு நிறைந்துவிடும். ஆனால் அங்கேயும் காய் போதாது. மிச்சமாகும் பணத்தில் கொஞ்சம் பழமும் முட்டையும் வாங்கினால்தான் சாப்பாடு முழுமையாகும். மதுரையில் 1999-இல் தொடங்கிப் பல ஊர்களுக்குப் பரவிய உழவர் சந்தைகளில் காய் மலிவு. ஆனால் அவை காலைச் சந்தைகள், வாங்கிய காயைச் சமைக்க இடமும் வேண்டும்.

தங்குபவர் செய்யக்கூடியவை இவ்வளவே. மீதி, விடுதி நடத்துவோர் கையில் இருக்கிறது. அறைக்குள் அடுப்பு கூடாது என்பது நியாயமான விதி. அதற்கு ஈடாக மாடிக்கு ஒன்றாக ஓர் இண்டக்‌ஷன் அடுப்பும், எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஃபிரிட்ஜும் வைத்துக்கொடுக்கலாம். வாடகையோடு அதற்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும்; கொடுக்கத் தயங்காதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.