அருளானந்தரும் அவரைச் சுற்றி நின்றவர்களும்

ஆவுடையார்கோவில்

அன்புள்ள தம்பிக்கு,

பள்ளிக் கட்டுரைப் போட்டிக்கு 'எனக்குப் பிடித்த புனிதர்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள், அசிசி பிரான்சிஸைப் பற்றி எழுதட்டுமா, பதுவை அந்தோணியாரைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டிருந்தாய். இரண்டு பேரும் எழுதத் தகுந்தவர்கள்தான். ஆனால் நம் ஊரிலிருந்து மீமிசல் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால், மாவட்ட எல்லையைத் தாண்டியதும் திருவாடானை வட்டம் வந்துவிடுகிறது. அங்கே பாம்பாற்றங்கரையில் ஓரியூர் இருக்கிறது. 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி ஒரு புனிதர் தலை வெட்டுண்டு இறந்த இடம் அது. அவரை விட்டுவிட்டு இத்தாலிக்குப் போவானேன்?

போர்ச்சுகலில் அவர் பெயர் ஜான் டி பிரிட்டோ. இங்கே அருளானந்தர்.

புனிதர் என்றதும் அற்புதங்களை அடுக்கிவிடத் தோன்றும். அப்படி எழுதப்பட்ட சரிதங்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. படித்து முடித்தால் ஆள் யாரென்றே பிடிபடாது. அவர் எதை விட்டுவிட்டு வந்தார், யாரோடு இருந்தார், யார் அவரை எதிர்த்தார்கள், ஏன் எதிர்த்தார்கள், இதையெல்லாம் நமக்குச் சொல்வது யார் என்று கேட்டுப் பார். கேள்விக்குக் கேள்வி ஆள் துலங்கி வருவார்.

விட்டுவிட்டு வருவது என்றால் என்ன என்பதை நம் ஊர்ப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. பாண்டியனின் அமைச்சர் குதிரை வாங்கக் கொண்டுவந்த பொன்னோடு நம் ஊரான திருப்பெருந்துறைக்கு வந்து, குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, பதவியை மறந்து மாணிக்கவாசகர் ஆன கதையைக் கேட்டு வளர்ந்தவன் நீ. லிங்கம் இல்லாமல் ஆவுடை மட்டும் இருக்கிற கருவறையைப் பார்த்தவன். அரண்மனையை விட்டு வந்த இன்னொருவரின் கதை உனக்கு அந்நியமாகத் தோன்றாது.

1647 மார்ச் 1-ஆம் தேதி லிஸ்பனில் பிறந்தவர் அருளானந்தர். அப்பா அரசாங்கத்தில் பெரிய பதவி வகித்தவர். பிரேசிலுக்கு ஆளுநராகப் போய் அங்கேயே இறந்துபோனார். பையன் அரண்மனையில், இளவரசர் பெத்ருவுக்குத் தோழனாக வளர்ந்தான். சிறுவயதில் கடுமையாக நோய்வாய்ப்பட்டபோது, பிள்ளை பிழைத்தால் ஓராண்டு சேசு சபை அங்கி உடுத்த வைக்கிறேன் என்று அவன் அம்மா சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது, அங்கியும் உடுத்தியது. 1662-இல், பதினைந்து வயதில், உண்மையாகவே சேசு சபையில் சேர்ந்துவிட்டது! வேண்டுதல் வைத்த தாய்க்கே பிற்பாடு பிள்ளையைக் கப்பலேற்றி அனுப்ப மனம் வரவில்லை என்கிறார்கள். 1673-இல் குருப்பட்டம்; அதே ஆண்டு கோவா; மறு ஆண்டு மதுரை மிஷன்.

மதுரை மிஷன் என்றால் மதுரை நகரம் மட்டுமல்ல. செஞ்சிப் பக்கம் தொடங்கி தஞ்சை, மறவர் சீமை வரை விரிந்து கிடந்த பரப்பு. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பிராமண சந்நியாசியைப் போல வாழ்ந்தார். அதனால் மேல்சாதியாரோடு பழக முடிந்தது, மற்றவர்களோடு கூச்சமின்றிப் பழக முடியவில்லை. 1640 வாக்கில் பல்தசார் ட கோஸ்டா பண்டாரசாமி கோலத்தைத் தொடங்கினார். சைவ மடத்துப் பண்டாரங்களைப் போலக் காவி, கையில் கோல், மரக்கறிச் சாப்பாடு. இந்தக் கோலத்தில் உழவர் வீட்டுத் திண்ணையிலும் உட்காரலாம், சேரிக்கும் போகலாம். அருளானந்தர் எடுத்தது இந்த வழியைத்தான். ஆனாலும் சாதி தளர்ந்துவிடவில்லை. கோயிலுக்குள்ளும் பிரித்து உட்காரவைக்கும் வழக்கம் மிஷன் காலத்திலேயே வேரூன்றி, பின்னாளிலும் நீடித்தது. உன் கட்டுரையில் இதை ஒரு வரியாவது எழுது. மறைப்பதால் புனிதருக்குப் பெருமை கூடாது.

1686-இல் அவர் மறவர் சீமைக்குள் நுழைந்தார். சேதுபதியின் ஆட்சிப் பகுதி அது. மதம் மாற்றும் சாமியார்களுக்கு அங்கே இடமில்லை. சில மாதங்களில், தமக்கு உதவிய உள்ளூர் உபதேசியார்களோடு பிடிபட்டார். மரத்தில் கட்டி அடித்தார்கள், நீரில் அமிழ்த்தினார்கள், கூரான பாறை மேல் வெயிலில் கிடத்தினார்கள். கடைசியில் ராமநாதபுரம் கொண்டுபோனபோது சேதுபதியே அவரைக் கூப்பிட்டுப் பேசி, இனி இந்தச் சீமையில் போதிக்கக் கூடாது என்று சொல்லி விடுவித்தார்.

இந்த விடுதலையைப் பலரும் அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தச் சேதுபதி கிழவன் சேதுபதி என்கிற ரகுநாதர். தலைநகரைப் போகலூரிலிருந்து ராமநாதபுரத்துக்கு மாற்றியவர். மதுரை நாயக்கரின் பிடியிலிருந்து சேது நாட்டை விடுவித்தவர். தொண்டைமான் குடும்பத்துக் காதலி நாச்சியாரை மணந்து, அவர் சகோதரரைப் புதுக்கோட்டைக்குத் தலைவர் ஆக்கியவர். நம் மாவட்டத்தில் தொண்டைமான் ஆட்சி தொடங்குவதே அவர் கையால்தான். மேடை நாடகத்துக் கொடுங்கோலனாக அவரை எழுதினால் வரலாறு கோணிவிடும். கையில் சிக்கிய அந்நிய நாட்டுச் சாமியாரை ஒருமுறை உயிரோடு அனுப்பியவர் அவர்.

விடுதலைக்குப் பிறகு மிஷனின் பிரதிநிதியாக அருளானந்தர் ஐரோப்பா போனார். 1687-இல் லிஸ்பன் சேர்ந்தபோது, கூட விளையாடிய பெத்ரு இப்போது அரசர். இளவரசனுக்கு ஆசிரியராக இரு, இங்கேயே தங்கிவிடு என்று கேட்டார். அருளானந்தர் அங்கேயும் புலால் தொடவில்லை, தமிழ்நாட்டுத் துறவு வாழ்க்கையை விடவில்லை. தாய் இருந்தார், அரசரின் நட்பு இருந்தது, பட்ட அடி போதும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1690-இல் திரும்பக் கப்பல் ஏறிவிட்டார். முதல் தடவை வந்தபோது இருபத்தாறு வயது. இந்த நாடு எப்படியிருக்கும் என்று தெரியாது. இரண்டாம் தடவை எல்லாம் தெரியும். பாறை மேல் கிடந்த உடம்புக்குத் தெரியும். அவருடைய சாவைவிட இந்தத் திரும்பி வருதலைத்தான் உன் கட்டுரையின் நடுவில் வைக்க வேண்டும். சாவு மற்றவர்கள் கொடுத்தது, திரும்பி வந்தது அவரே முடிவு செய்தது.

1691-இல் மறுபடி மறவர் சீமைக்கு வந்தார். அங்கே தடியத்தேவர் என்ற பாளையத் தலைவர் நோயில் கிடந்தார். அருளானந்தர் தாம் போகாமல் ஓர் உபதேசியாரை அனுப்பினார். அவர் போய்ச் செபம் சொல்ல, தேவர் எழுந்துவிட்டார், ஞானஸ்நானம் கேட்டார். தேவருக்கு ஐந்து மனைவியர். ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டால்தான் ஞானஸ்நானம் என்றார் அருளானந்தர். தேவர் ஒப்புக்கொண்டார். 1693 ஜனவரி 6-ஆம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, ஞானஸ்நானம் நடந்தது.

ஒதுக்கப்பட்ட மனைவியரில் இளையவர் கடலாயி. சேதுபதியின் உறவுப் பெண். அவர் நேரே அரண்மனைக்குப் போய் முறையிட்டார்.

தம்பி, பழைய சரிதங்கள் பலவற்றில் இந்தப் பெண் பொல்லாதவளாகவே வருகிறாள். அவள் இடத்தில் நின்று பார். முறைப்படி மணந்த வீட்டிலிருந்து ஒரே நாளில் வெளியே போகச் சொல்கிறார்கள். காரணம் அவள் செய்த குற்றமல்ல, கணவனின் புது நம்பிக்கை. அவள் யாரிடம் போவாள்? ஒருதார மணம் என்ற கட்டளை திருச்சபைக்கு அடிப்படையானது, அதை அருளானந்தர் விட்டுக்கொடுத்திருக்க முடியாது. அதே வேளை அந்தக் கட்டளையின் பாரம் தேவர் தோளில் விழவில்லை, நான்கு பெண்களின் தலையில் விழுந்தது. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதத் துணிந்தால், உன் கட்டுரை மற்றக் கட்டுரைகளிலிருந்து தனித்து நிற்கும். மற்ற மூன்று பெண்கள் என்ன ஆனார்கள் என்று எழுதிவைக்க அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

அரசியலும் இதில் கலந்திருந்தது. தடியத்தேவர் சேதுபதி பட்டத்துக்கு உரிமை உள்ள குடும்பத்தவர் என்று சேசு சபையார் எழுதியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் அந்நியச் சாமியாரின் சீடராகிவிட்டார் என்றால் எந்த அரசரும் சும்மா இருக்க மாட்டார். ஜனவரி 8-ஆம் தேதி அருளானந்தர் கைதானார். தலைநகரிலேயே கொன்றால் தேவரின் ஆட்கள் கிளர்ந்தெழலாம். ஆகவே நாடுகடத்துவதாக வெளியே சொல்லிவிட்டு, ஓரியூரில் இருந்த தன் தம்பி உடையத்தேவரிடம் அனுப்பிவைத்தார் சேதுபதி.

ஓரியூர்ச் சிறையில் மையும் இல்லை, எழுதுகோலும் இல்லை. கரியை நீரில் குழைத்து, குச்சியால் தம் தலைவர் பிரான்சிஸ் லாய்னஸுக்குக் கடிதம் எழுதினார். பிப்ரவரி 3-ஆம் தேதியிட்ட அந்தக் கடிதம் காப்பாற்றப்பட்டது. மறுநாள் திருநீற்றுப் புதன். ஆற்றங்கரை மேட்டில் தலையை வெட்டினார்கள். கைகால்களையும் துண்டித்து, உடலைக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். விலங்குகள் தின்றதுபோக மிஞ்சியதை விசுவாசிகள் பிறகு வந்து எடுத்துப் போனார்கள். சேதி லிஸ்பனுக்கு எட்டியபோது, அவர் தாய் துக்க உடையில் வராமல் விழா உடையில் அரண்மனைக்கு வந்தார் என்பது சேசு சபை மரபு.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? சேசு சபைக் குருக்கள் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்களால். அவர் சாவை விரிவாக எழுதிவைத்தவரும் லாய்னஸ்தான். மதுரை நாயக்கர் வரலாற்றை 1924-இல் நூலாக வெளியிட்ட சத்தியநாத ஐயர், இந்தக் கடிதங்களை முக்கியச் சான்றாக எடுத்தாண்டிருக்கிறார். ஊர், பஞ்சம், படையெடுப்பு என்று அன்றைய நாட்டு நடப்பு இவற்றில் ஏராளம். அதே நேரத்தில், எழுதியவர்கள் ஒரு தரப்பினர் என்பதையும் மறக்கக் கூடாது. கடலாயி கடிதம் எழுதவில்லை. கூடவே அடிவாங்கிய உபதேசியார்கள் எழுதியதாகவும் எதுவும் நம் கைக்கு வரவில்லை. ஊர் ஊராக முன்னே போய், வீடு பிடித்து, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்து, குரு இல்லாத ஆண்டுகளில் கிறிஸ்தவர்களை ஒன்றாக வைத்திருந்தவர்கள் அவர்கள். தடியத்தேவர் படுக்கையருகில் நின்றதும் அவர்களில் ஒருவர்தான். பீடத்தில் அவர்களுக்குச் சுரூபம் கிடையாது.

ஒருவரைப் புனிதர் என்று ரோமாபுரி சொல்ல எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறது என்பதற்கும் அருளானந்தரே உதாரணம். இறைஊழியர், வணக்கத்துக்குரியவர், அருளாளர், புனிதர் என்று படிப்படியாக விசாரணை நடக்கும். மறைசாட்சியாக இறந்தவர் அருளாளர் ஆக அற்புதம் தேவையில்லை. புனிதர் ஆகத் தேவை. இவர் விஷயத்தில் இடையில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. மதுரை மிஷன் குருக்கள் நாட்டு வழக்கங்களை ஏற்று நடந்தது சரியா தவறா என்று திருச்சபைக்குள் மூண்ட சண்டை 'மலபார் சடங்குச் சர்ச்சை' எனப்பட்டது. அது பதினெட்டாம் நூற்றாண்டின் பாதி வரை நீண்டு, இவருடைய விசாரணையையும் தாமதப்படுத்தியது. காவி கட்டி மரக்கறி உண்டு வாழ்ந்ததுதான் அவரை இந்த மக்களிடம் சேர்த்தது. இங்கே வாழ்ந்த அந்த விதமே அங்கே கேள்விக்குள்ளானது. 1853-இல் அருளாளர். 1947 ஜூன் 22-ஆம் தேதி புனிதர். நாடு விடுதலை பெற இரண்டு மாதம்கூட இல்லை.

இன்றைக்கு ஓரியூர் போனால், திருத்தலத்து மண் செக்கச் சிவந்திருப்பதைப் பார்க்கலாம். சுற்று வட்டாரத்தில் அப்படி இல்லை, அவர் ரத்தம் பட்டுத்தான் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. அதை நோய்க்கு மருந்தாக முடிந்து எடுத்துப்போகிறவர்களில் இந்துக்களும் உண்டு. மண்ணின் நிறத்துக்குப் புவியியல் காரணம் சொல்வது உன் வேலையல்ல, நம்பிக்கையை நிரூபித்துக் காட்டுவதும் உன் வேலையல்ல. மக்கள் இப்படி நம்புகிறார்கள் என்று எழுது, போதும். அவரை வெட்டியது சேது சீமை. அதே சீமையில் அருளானந்து என்றும் பிரிட்டோ என்றும் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறார்கள். மதுரைக்கு மேற்கே கருமாத்தூரில் சேசு சபையார் நடத்தும் அருளானந்தர் கல்லூரியும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

கட்டுரையில் இடம் மிஞ்சினால் தேவசகாயத்தையும் சேர்த்துக்கொள். 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் அரசுப் பணியாளர். குளச்சல் போரில் சிறைப்பட்டு, பிறகு திருவிதாங்கூர் அரசரின் தளபதியே ஆன டச்சுப் படைவீரர் டிலனாயிடமிருந்து வேதம் அறிந்துகொண்டார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம்; 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் புனிதர். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர். அந்த அறிவிப்புக்கு முன்பே, அவர் பெயரோடு இருந்த சாதிப் பட்டத்தை நீக்கவேண்டும் என்று கோரிக்கை எழுந்து, ரோமாபுரியும் ஏற்று நீக்கியது. அருளானந்தர் காலத்து மிஷன் தொடத் தயங்கிய ஒன்று அது. இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உன் ஆசிரியருக்கே புதிதாக ஏதாவது கிடைக்கும்.

ஓரியூருக்கு ஒருமுறை போய்விட்டு எழுது. பிப்ரவரித் திருவிழாவில் கூட்டம் நெருக்கும். சாதாரண நாளில் போனால் நின்று பார்க்கலாம், அங்கிருக்கும் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். அவர்கள் சொல்வதையும் அச்சில் உள்ளதையும் கலக்காமல் தனித்தனியே எழுது. முதல் படி எழுதியதும் அனுப்பிவை; கடலாயி பத்தியை முதலில் படிக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்